உணரி பொருத்திய நெகிழ் காயக்கட்டை வடிவமைக்கும் முறை

காயக்கட்டை வடிவமைக்க விரும்பும் ஒருவர் முதலில் உற்றுப் பார்க்க வேண்டியது, கட்டுப் போடும் வேளையை அன்று, அதைப் பிரிக்கும் வேளையை. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அத்தைக்கு இனிப்பு நீர் நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து, வலக்கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்தபோது, அரசாங்கக் கிளினிக்கில் தாதி ஒருவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்றுவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். அவர் கட்டின் மேலிருந்த மெல்லிய ஒளிபுகும் படலத்தின் மூலையை விரல் நுனியால் கிளப்பினார். ஆனால் மேல்நோக்கி உரிக்கவில்லை. ஒரு கையால் பக்கத்துத் தோலை மெல்ல அழுத்திக்கொண்டு, மறு கையால் படலத்தைத் தோலுக்கு இணையாகக் கிடைவாக்கில் நீட்டினார். படலம் நீள நீளப் பசை தானாகவே விட்டுக்கொடுத்தது. எழுபது வயதைத் தாண்டிய மெல்லிய தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்போது என் பையில், உணரி பொருத்திய கட்டுக்காக நான் செய்து வைத்திருந்த முதல் மாதிரி இருந்தது. அதன் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு, மின்கோடுகள் பதிந்த பாலிஇமைட் என்னும் பிளாஸ்டிக் பட்டை ஓடியது. பாலிஇமைட் வளையும், ஆனால் நீளாது. அந்தக் கட்டைத் தாதி தம் வழக்கப்படி பிரிக்க முயன்றிருந்தால், படலம் நீளாமல் பசையோடு தோலையும் சேர்த்து இழுத்திருக்கும். அதை நான் வெளியே எடுக்கவேயில்லை. வீடு திரும்பியதும் வரைபடத்தை முதலிலிருந்து போட்டேன். மின்சுற்றைச் சேர்ப்பதால் கட்டு தன் பழைய வேலைகளில் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது என்பதே கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பினாங்கில் மின்னணுவியல் படிக்கும் மாணவர்களையும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தொழில்நுட்பர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். 1972-இல் அங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது முதல் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் மின்னணு உற்பத்தி வரிசைகளில் கைத்திறன் பெற்றிருக்கிறார்கள். அதே குடும்பங்களில் நீரிழிவும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு மலேசியாவின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது, இந்தியர்களிடையே அந்த அளவு மேலும் கூடுதல். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடக்கும் கூட்டத்தில், காலில் சூடும் குத்தலும் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

எதை அளப்பது

ஓர் அளவைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த எண் மாறினால் தாதியோ மருத்துவரோ என்ன செய்வார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடை இல்லையென்றால் அந்த உணரி வேண்டாம். ஈரம் மிகுந்துவிட்டது என்று தெரிந்தால் கட்டை மாற்றலாம், ஈரம் அளவாகவே இருக்கிறது என்று தெரிந்தால் தேவையில்லாமல் பிரிக்காமல் விடலாம். புண்ணின் ஓரம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகிக்கொண்டே போனால், தொற்று இருக்கிறதா என்று முன்கூட்டியே திறந்து பார்க்கலாம். வெப்பநிலை, ஈரம் ஆகிய இந்த இரண்டுமே முதல் வடிவமைப்புக்குப் போதும் என்பது என் உறுதியான கருத்து.

1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனைகள், காற்றில் காயவிட்ட புண்ணைவிட ஈரமாக மூடிவைத்த புண்ணில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாக வளர்வதைக் காட்டின. அன்று முதல் காயக்கட்டின் கடமை, புண்ணைக் காயவைப்பது என்பதிலிருந்து ஈரத்தைச் சமன்படுத்துவது என்பதற்கு மாறியது. காய்ந்தால் புதுத்தோல் வளர்ச்சி தடைப்படும். மிகுந்தால் சுற்றுத்தோல் நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்போல வெளுத்துச் சுருங்கிப் புண் பெரிதாகும். மூடிய கட்டுக்குள் இந்தச் சமநிலை எப்படி இருக்கிறது என்பதைப் பிரிக்காமல் அறிய முடியாது என்பதால்தான் ஈர உணரிக்கு இவ்வளவு மதிப்பு.

வெப்பநிலைக்கு நம்மவர்களைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. தொற்றின் அடையாளமாகப் பாடநூல்கள் சொல்லும் சிவப்பு, கறுத்த தோலில் சிவப்பாகத் தெரியாது. தோல் இன்னும் கருமையாகவோ ஊதா படிந்தோ தோன்றும், பழகாத கண்ணுக்கு அது தப்பிவிடும். வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் உணரியான தெர்மிஸ்டருக்குத் தோலின் நிறம் ஒரு பொருட்டில்லை. ஒளியை அனுப்பி அளக்கும் உணரிகளுக்கும், கைத்தொலைபேசிப் படத்தில் நிறம் பார்க்கும் முறைகளுக்கும் இந்த நடுநிலை இல்லை. அவற்றைப் பயன்படுத்துவோர் பல நிறத் தோலிலும் சோதிக்காமல் முடிவு சொல்லக் கூடாது.

ஆய்வகங்கள் இதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டன. 2022-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் புண்ணின் நிலையை அளந்து மின்தூண்டலும் தரும் கம்பியில்லாக் கட்டு ஒன்றை வெளியிட்டார்கள். 2023-இல் கால்டெக் ஆய்வாளர்கள் பல வேதிப் பொருள்களை ஒருசேர அளந்து மருந்தையும் செலுத்தும் கட்டை எலிவகை விலங்குகளில் காட்டினார்கள். யூரிக் அமிலம், சூடோமோனாஸ் கிருமி வெளியிடும் பச்சை நிறமி ஆகியவற்றை மின்வேதி முறையில் கண்டறிவதும் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் துறை. அவற்றைப் படியுங்கள். ஆனால் நொதியம் பூசிய உணரியின் ஆயுளோடு போராடும் முன், இரண்டு தெர்மிஸ்டர்களை ஏழு நாள் ஈரத்தில் ஒழுங்காக வேலைசெய்ய வைத்துவிடுங்கள். அதுவே எளிதன்று.

இரண்டு பகுதிகளாகப் பிரியுங்கள்

புண்ணின் மேல் கிடந்து தூக்கியெறியப்படும் பகுதி ஒன்று, மின்கலமும் கணிப்புச் சில்லும் அலைபரப்பியும் அடங்கிய, மீண்டும் பயன்படும் சிறு பெட்டி மற்றொன்று. இந்தப் பிரிவினை பல சிக்கல்களை ஒரே வீச்சில் தீர்க்கிறது. புண்ணருகே கடினமான பொருள் இருக்காது. கிருமி நீக்கும்போது சில்லும் மின்கலமும் கெடுமோ என்ற கவலை இல்லை. ஒவ்வொரு கட்டு மாற்றத்தின்போதும் விலையுயர்ந்த பகுதி குப்பைக்குப் போகாது. இரண்டையும் இணைப்பது, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள தட்டையான வால் பட்டை.

தூக்கியெறியும் பகுதியின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். புண்ணைத் தொடுவது, ஒட்டாத சிலிகோன் வலை. அதன் துளைகள் வழியே கசிவு மேலேறும், பிரிக்கும்போது புதுத்தசை ஒட்டிக்கொண்டு வராது. அதன் மேல் உணரிகள் பதிந்த மெல்லிய தாங்குபடலம். அதன் மேல் கசிவை உறிஞ்சும் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு. எல்லாவற்றையும் மூடி ஓரங்களில் தோலோடு ஒட்டுவது, நீராவியை வெளியே விட்டுத் தண்ணீரையும் கிருமியையும் தடுக்கும் பாலியூரித்தேன் மென்படலம். ஜெலட்டினோ கொலாஜனோ சேர்க்க நினைத்தால் அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள். பன்றியிலிருந்து எடுத்ததை முஸ்லிம் நோயாளியும், மாட்டிலிருந்து எடுத்ததை இந்து நோயாளியும் ஏற்க மறுக்கலாம். பினாங்கு மருத்துவமனையின் ஒரே வார்டில் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள்.

தாங்குபடலம் நீராவிக்குத் தடை. முழுப் பரப்பையும் அது மூடினால், மேலே எவ்வளவு நல்ல மென்படலம் போட்டாலும் அடியில் தோல் ஊறிவிடும், பினாங்கின் புழுக்கத்தில் இன்னும் விரைவாக. ஆகவே மின்கோடுகள் ஓடும் இடங்களைத் தவிர மற்றெல்லாப் பகுதியையும் வெட்டி எடுத்து, ஓர் எலும்புக்கூடு போல மட்டும் அதை விட்டுவையுங்கள்.

வளைவும் நீட்சியும்

தொழிற்சாலையில் ஃப்ளெக்ஸ் போர்டு என்று நாம் அழைக்கும் பாலிஇமைட்டும் செம்பும் சேர்ந்த பலகையைப் பயன்படுத்தினால், ஒரு சிறு கணக்கை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். வளைந்த பட்டையின் வெளிப்பரப்பு அடையும் நீட்சி, பட்டையின் தடிப்பை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டையை 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள கால்விரலைச் சுற்றி வளைத்தால் நீட்சி 0.5 விழுக்காடு. ஒரு முறை வளைவதற்கு இது பெரிதன்று. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் வளைந்து நிமிர்ந்தால் செம்பு சோர்ந்து வெடிக்கும். தடிப்பைப் பாதியாக்கினால் நீட்சியும் பாதியாகும். அதைவிட முக்கியமாக, வளைவுக்குப் பட்டை காட்டும் எதிர்ப்பு தடிப்பின் முப்படியைப் பொறுத்தது என்பதால், பாதித் தடிப்புள்ள பட்டை எட்டில் ஒரு பங்கு விறைப்போடுதான் இருக்கும். செம்புக்கு மேலும் கீழும் சமத் தடிப்புள்ள படலம் வைத்தால், செம்பு நீட்சியோ சுருக்கமோ இல்லாத நடுத்தளத்தில் அமர்ந்து நெடுநாள் தாங்கும். மின்படிவுச் செம்பைவிட உருட்டிப் பதப்படுத்திய செம்பைக் கேட்டு வாங்குங்கள். மடியும் இடத்தில் துளையோ சாலிடரோ வேண்டாம், கோடுகள் மடிப்பை நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

வளைவுக்கு இவ்வளவு போதும். நீட்சிக்கு வேறு வழி தேவை. தாதி படலத்தைக் கிடைவாக்கில் நீட்டிப் பிரிக்க வேண்டுமானால், பட்டை அந்தத் திசையில் விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகளைச் செய்து பார்த்திருக்கிறேன். மின்கோட்டைப் பாம்பு போல நெளித்து, தாங்குபடலத்தையும் அதே நெளிவில் வெட்டுவது முதல் வழி. இழுத்தால் நெளிவு நிமிரும், செம்பு நீளாது. உணரிப் படலத்தை மேல்மென்படலத்தோடு ஒட்டாமல் வலைக்கும் நுரைப்பஞ்சுக்கும் இடையே தளர்வாகக் கிடக்கவிட்டு, வால் வெளியேறும் ஒரு பக்கத்தில் மட்டும் நிலைப்படுத்துவது இரண்டாவது. இரண்டாவதே எளிது, மலிவு, நம்பகமானது. ஆனால் வால் வெளியேறும் மூலைக்கு நேர் எதிர் மூலையிலிருந்துதான் பிரிக்கத் தொடங்க வேண்டும், அதற்கு ஒட்டாத வண்ணக் காது ஒன்று அந்த மூலையில் இருந்தாக வேண்டும்.

மூலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் இரண்டாவது மாதிரியை என் முன்கையில், காயமில்லாத தோலில், ஓர் இரவு கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் பிரித்தபோது பட்டையின் சதுர மூலை பதிந்த இடத்தில் ஆழமான சிவந்த அச்சு, மாலைவரை மறையவில்லை. உணர்ச்சியுள்ள கை என்பதால் இரவில் அங்குமிங்கும் புரண்டு தப்பித்தேன். உணர்ச்சியற்ற பாதத்தில், அதிலும் மேலே அழுத்தக் கட்டுச் சுற்றியிருந்தால், அந்த மூலையே புதிய புண்ணை உண்டாக்கும். வெட்டோரங்கள் எல்லாவற்றையும் வளைவாக்குங்கள், தெர்மிஸ்டரின் மேடு தோல்பக்கம் நீட்டாமல் நுரைப்பஞ்சின் பக்கம் இருக்கட்டும்.

இன்னொன்று, தாதிகள் கட்டைக் கத்தரியால் வெட்டிப் பொருத்துவார்கள். குதிகாலுக்கும் விரலிடுக்குக்கும் வேறு வழியில்லை. வெட்டக் கூடாத பகுதியைத் தடித்த கோட்டால் அச்சிட்டுக் காட்டி, உணரிகளை நடுவிலும் ஒரு பக்கத்திலும் ஒதுக்கி, மற்ற மூன்று பக்கங்களை வெட்டுவதற்கு விட்டுவிடுங்கள்.

வெப்பநிலை

25 பாகை செல்சியஸில் 10 கிலோஓம் காட்டும் சிறு எதிர்வெப்பக் கெழுத் தெர்மிஸ்டர், அதாவது சூடேறினால் தடை குறையும் வகை, போதும். மூடிய புண்ணின் வெப்பநிலையான 33 பாகைப் பக்கத்தில், தடை எவ்வளவு விரைவாக மாறும் என்பதைக் குறிக்கும் பீட்டா மதிப்பு 3435 கொண்ட தெர்மிஸ்டரின் தடை பாகைக்கு ஏறக்குறைய 3.7 விழுக்காடு மாறும். 10 கிலோஓம் மின்தடையோடு தொடராக இணைத்து மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 12 பிட் மாற்றியால் படித்தால் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 36 எண்கள் கிடைக்கும். அதாவது 0.1 பாகை வேறுபாட்டைப் பிரித்தறிய முடியும். மின்சாரத்தை விடாமல் ஓடவிட்டால், 3 வோல்ட்டில் தெர்மிஸ்டரில் 0.2 மில்லிவாட் செலவாகித் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். அளக்கும் சில மில்லிநொடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

தனி ஒரு வெப்பநிலை எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. குளிரூட்டிய வார்டிலிருந்து நடைபாதைக்கு வந்தாலே பாதத்தின் வெப்பநிலை மாறிவிடும். ஆகவே ஒரு தெர்மிஸ்டரைப் புண்ணின் ஓரத்திலும், மற்றொன்றைச் சில சென்டிமீட்டர் தள்ளி நலமான தோலின் மேலும் வைத்து, வேறுபாட்டை மட்டும் பதிவு செய்யுங்கள். இங்கே பலரும் தவறுவது ஓர் இடத்தில். இரண்டின் மேலும் மூடியிருக்கும் பஞ்சின் தடிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தடித்த நுரைப்பஞ்சின் அடியிலும் மற்றொன்று வெறும் மென்படலத்தின் அடியிலும் இருந்தால், நீங்கள் அளப்பது புண்ணை அன்று, போர்வையை. ஒவ்வொரு தெர்மிஸ்டர் இணையையும் 28, 33, 38 பாகைத் தண்ணீரில் ஒன்றாக முக்கி, இரண்டுக்கும் இடையே இயல்பாக உள்ள வித்தியாசத்தைக் குறித்துக் கழித்துவிடுங்கள்.

எச்சரிக்கை எல்லை எது என்ற கேள்வி வரும். நீரிழிவுப் பாதப் பராமரிப்பில், ஒரு காலின் ஓரிடத்துக்கும் மறு காலின் அதே இடத்துக்கும் 2.2 பாகைக்கு மேல் வேறுபாடு தொடர்ந்தால் எச்சரிக்கை என்பது நன்கு அறியப்பட்ட அளவு. அது புண் வருவதற்கு முந்தைய பாதத் தோலுக்காக வந்தது. அதைத் திறந்த புண்ணின் ஓரத்துக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள். கட்டு மாற்றியவுடன் புண் குளிர்ந்திருக்கும் என்பதால் முதல் ஒரு மணி நேர அளவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஈரமும் அமில காரத் தன்மையும்

ஈரத்தை அளக்க, நுரைப்பஞ்சின் அடியில் இரண்டு கரிமப் பசை மின்முனைகள் போதும். அவற்றுக்கிடையே சில கிலோஹெர்ட்ஸ் அலைவுள்ள சிறு மாறுமின்னழுத்தம் கொடுத்து மின்னெதிர்ப்பைப் படியுங்கள், ஈரம் கூடினால் எதிர்ப்பு இறங்கும். நேர்மின்சாரம் கொடுக்கவே கூடாது. உப்புள்ள கசிவில் அது மின்பகுப்பை உண்டாக்கி, ஒரு மின்முனையில் காரத்தையும் மறு மின்முனையில் அமிலத்தையும் உருவாக்கிப் புண்ணைச் சுடும். இரண்டாவது இணை மின்முனைகளை நுரைப்பஞ்சின் மேற்பரப்பில், ஓரத்தருகே வைத்தால், பஞ்சு நிறைந்து கசிவு வழியப்போகும் தறுவாயை அறியலாம். என் அனுபவத்தில் தாதிகள் மிகவும் விரும்பிக் கேட்ட செய்தி அதுவே.

பிஎச் அளவு, அதாவது அமில காரத் தன்மை, மூன்றாவதாக வரட்டும். நலமான தோல் 4 முதல் 6 வரை அமிலத்தன்மையோடு இருக்கும், ஆறாத நாட்பட்ட புண்கள் பெரும்பாலும் 7 முதல் 9 வரை காரத்தின் பக்கம் சாயும். இதை அளக்க, கரிம மின்முனையின் மேல் பிஎச்சுக்கேற்ப மின்னழுத்தம் மாறும் பாலியனிலின் பூச்சும், அதன் அருகே உப்பு நிறைந்த பாலிவினைல் பியூட்டிரால் மூடிய வெள்ளி, வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையும் வேண்டும். 32 பாகையில் ஒரு பிஎச் அலகுக்குக் கோட்பாட்டின்படி 60 மில்லிவோல்ட் கிடைக்கும். ஒப்பீட்டு மின்முனை 6 மில்லிவோல்ட் நகர்ந்தாலே அளவு 0.1 அலகு பிழைபடும் என்பதையும், கசிவில் உள்ள புரதங்கள் பூச்சின் மேல் படிந்து அதை மந்தமாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வெள்ளி கலந்த களிம்போ போவிடோன் அயோடினோ போட்ட புண்ணில் இந்த அளவை நம்ப வேண்டாம்.

மின் பாதுகாப்பு

திறந்த புண்ணில் தோல் என்னும் இயற்கைத் தடை இல்லை. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஈசி 60601-1 தரநிலை, உடலோடு இணையும் பிஎஃப் வகைக் கருவியிலிருந்து நோயாளிக்குள் பாயும் நேர்மின்சாரம் இயல்பு நிலையில் 10 மைக்ரோஆம்பியரையும், ஏதேனும் ஒரு பழுது நேர்ந்த நிலையில் 50 மைக்ரோஆம்பியரையும் தாண்டக் கூடாது என்கிறது. இதை மென்பொருளின் நல்லெண்ணத்துக்கு விடாமல் உறுப்புகளால் உறுதிசெய்யுங்கள். 3 வோல்ட் மின்கலத்துக்கு 330 கிலோஓம் தொடர் மின்தடை வைத்தால், சில்லு முழுவதும் பழுதாகி முழு மின்னழுத்தமும் மின்முனைக்குப் போனாலும் ஏறக்குறைய 9 மைக்ரோஆம்பியருக்கு மேல் பாயாது. பிஎச் மின்முனையின் பெருக்கி மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும் என்பதால், இந்தத் தடை அங்கே அளவைக் கெடுக்காது. ஈர மின்முனைகளில் இவ்வளவு தடை அளவை மழுங்கடிக்கும். அங்கே ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு மின்தேக்கிகளைத் தொடராகப் போட்டால், ஒன்று குறுக்கிணைந்தாலும் மற்றது நேர்மின்சாரத்தைத் தடுக்கும். தெர்மிஸ்டரின் கம்பிகளும் புண்ணருகேதான் ஓடுகின்றன, காப்புப் பூச்சில் ஊசித்துளை விழுந்தால் அவையும் மின்முனைகளே.

ஊசித்துளை என்றதும் நினைவுக்கு வருவது, ஈரப்பதப் பெட்டியில் மூன்று நாள் 3 வோல்ட்டில் கிடந்த ஒரு பட்டை. வெள்ளி மையால் அச்சிட்ட இரண்டு கோடுகளுக்கிடையே 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. நுண்ணோக்கியின் அடியில் வைத்தபோது, ஒரு கோட்டின் ஓரத்திலிருந்து மறு கோட்டை நோக்கிப் பெரணி இலை போலக் கிளைகிளையாக வெள்ளி வளர்ந்திருந்தது. ஒரு கிளை எதிர்க்கரையைத் தொட்டுவிட்டது. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் வெள்ளி நகரும். கோடுகளின் இடைவெளியைக் கூட்டுவது, வெள்ளியின் மேல் கரிம மையைப் போர்த்துவது, அளக்காத நேரத்தில் எல்லாக் கோடுகளையும் ஒரே மின்னழுத்தத்தில் வைப்பது ஆகிய மூன்றையும் அதன்பின் விடாமல் செய்கிறேன்.

வால் பட்டை மென்படலத்தின் அடியிலிருந்து வெளியேறும் இடமே கட்டின் மிகப் பலவீனமான இடம். பட்டையின் இரு ஓரங்களிலும் கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்கும். அதன் வழியே கசிவு வெளியே ஊறும், குளிக்கும் தண்ணீர் உள்ளே ஊறும். வாலின் ஓரங்களைச் சரிவாக்கி, அந்த ஒரு சென்டிமீட்டரை மருத்துவத் தர சிலிகோன் பசையால் நிரப்பி மூடுங்கள். நாளுக்கு இருமுறை குளிக்கும் ஊர் இது.

மின்கலமும் அலைபரப்பும்

பெட்டிக்குள் சிஆர் 2032 காசு மின்கலம் ஒன்று, ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவோடு, சராசரி 20 மைக்ரோஆம்பியர் செலவில் ஓராண்டைத் தாண்டும். குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் மூடி திருகாணியால் பூட்டப்பட வேண்டும். மின்கலமே வேண்டாமென்றால், கைத்தொலைபேசியை அருகே காட்டிப் படிக்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அண்மைத் தொடர்பு (என்எஃப்சி) முறை இருக்கிறது. சில்லின் உள் மின்தேக்கம் 50 பிக்கோஃபாரட் என்றால் சுருளுக்கு 2.75 மைக்ரோஹென்றி வேண்டும். ஈரத் தசையின் மேல் வைத்ததும் ஒத்ததிர்வு கீழிறங்கும் என்பதால், மேசையின் மேல் அன்றி உப்பு நீர்க் கூழின் மேல் வைத்துச் சரிசெய்யுங்கள். இந்த வழியைத் தேர்ந்தால் சில்லும் சுருளும் தூக்கியெறியும் பகுதிக்குள்ளேயே வந்துவிடும், படிக்காத நேரத்தில் எதுவும் பதிவாகாது.

கிருமி நீக்கமும் சோதனையும்

எத்திலீன் ஆக்சைடு வாயு குறைந்த வெப்பத்தில் வேலை செய்வதால் பெரும்பாலான பொருள்களுக்கு ஏற்றது, எஞ்சும் வாயு வெளியேற அவகாசம் கொடுக்க வேண்டும். வழக்கமான 25 கிலோகிரே காமாக் கதிர் சில்லுகளைக் கெடுக்கக்கூடும். சில்லில்லாத தூக்கியெறியும் பகுதிக்கு அதையும் முயலலாம். எதைத் தேர்ந்தாலும், கிருமி நீக்கத்துக்குப் பிறகு எல்லா அளவீட்டையும் மறுபடி செய்யுங்கள். முன்பு எடுத்த அளவுத்திருத்தம் செல்லாது.

மேசைச் சோதனைக்கு, காயக்கட்டுகளைச் சோதிப்பதற்கான ஈஎன் 13726 தரநிலையின் கரைசல் உகந்தது. ஒரு லிட்டர் தூய நீரில் 8.298 கிராம் சோடியம் குளோரைடும் 0.368 கிராம் நீரேறிய கால்சியம் குளோரைடும் கரைத்தால் புண்ணின் கசிவுக்கு ஒப்பான உப்புகள் கிடைக்கும். அகார் கூழை 33 பாகையில் வைத்து, அடியிலிருந்து சிறு குழாயால் இந்தக் கரைசலை மெல்லச் செலுத்தி, கட்டை மேலே ஒட்டி ஏழு நாள் விடுங்கள். முதல் சுற்றுக்கு இது போதும், இரண்டாவது சுற்றில் புரதமும் சேர்த்தாக வேண்டும். தினமும் பட்டையை 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளையில் ஆயிரம் முறை வளைத்துவிட்டுத் திரும்ப ஒட்டினால், நடக்கும் பாதத்தின் நிலைமைக்குச் சற்று அருகில் வருவோம்.

மனிதரின் திறந்த புண்ணில் வைப்பது வேறு கட்டம். அதற்கு முன் பொருள்களின் உயிர்ப்பொருத்தத்தை ஐஎஸ்ஓ 10993 வரிசைப்படி, குறைந்தது செல் நச்சுத்தன்மை, எரிச்சல், ஒவ்வாமை ஆகிய மூன்றுக்குமாவது தகுந்த ஆய்வகத்தில் சோதித்திருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனை அல்லது கிளினிக்கில் செய்யும் ஆய்வைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். விற்பனை என்று வந்தால் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டம், அதாவது சட்டம் 737, கருவிகளை ஆபத்தின் அளவுப்படி ஏ முதல் டி வரை வகுத்துப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. உறவினர்தானே, சிறு புண்தானே என்று வீட்டில் ஒட்டிப் பார்க்கும் ஆசை வரும். என் அத்தையின் காலில் நான் எதையும் ஒட்டவில்லை. அந்தப் புண் சாதாரண நுரைக் கட்டிலும் தாதியின் பொறுமையிலும் ஆறியது.

திரையில் என்ன காட்டுவது என்பதிலும் அதே கவனம் வேண்டும். 'தொற்று' என்று கருவி எழுதக் கூடாது, அது மருத்துவர் சொல்ல வேண்டிய சொல். கடந்த மூன்று நாள் வேறுபாட்டின் போக்கை ஒரு கோடாகவும், 'கட்டு நிறைந்துவிட்டது, கிளினிக்கை அழைக்கவும்' என்பதை மலாய், தமிழ், சீனம் ஆகிய மொழிகளிலும் காட்டினால் போதும்.

கழிவைப் பற்றியும் வரைபடக் கட்டத்திலேயே முடிவெடுங்கள். புண்ணைத் தொட்ட பகுதி எஸ்டபிள்யூ 404 வகை மருத்துவக் கழிவாக மஞ்சள் பையில் எரியுலைக்குப் போகும், மின்கலம் உள்ள பெட்டி அங்கே போகக் கூடாது. அவசரமாகக் கட்டு மாற்றும் தாதி இரண்டையும் சேர்த்துச் சுருட்டிவிடாதபடி, பெட்டியைக் கட்டின் வெண்மையிலிருந்து வேறுபட்ட அடர்நீலத்தில் செய்து, கட்டைப் பிரிக்கும் முன் ஒரு விரலால் கழற்றக்கூடிய பிடிப்போடு, 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைக்கத்தக்க வழவழப்பான மேற்பரப்போடு அமையுங்கள். திருகாணித் தலை பதிந்த குழியில் அழுக்குத் தங்கும் என்பதால், அதை மூட ஒரு சிறு சிலிகோன் தக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.